தவிட்டுக்கு விற்ற பெண்

பிள்ளையார்பாளையத்தில் கிருஷ்ணவேணி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பட்டாளத்தான் பெண்டாட்டி வீடு என்றால் உடனே கை காட்டிவிடுவார்கள். அந்தத் தெருவில் தறி இல்லாத வீடுகள் இரண்டுதான். ஒன்று அவளுடையது. மற்றொன்று எதிர்வீடு, அரிசி மில்லில் வேலை பார்த்த ஆதிகேசவனுடையது. அங்கே தறிக்குப் பதில் ஒரு பசு கட்டியிருந்தது. அவன் மனைவி கிருஷ்ணம்மாள் தெரு முழுக்கப் பால் ஊற்றுவாள்.

கிருஷ்ணவேணிக்குச் சொந்த ஊர் மாகறல். அப்பன் வீடு, மாமனார் வீடு இரண்டும் உழவு வீடுகள். புருஷன் அர்ஜுனன் கல்யாணத்துக்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்தவன். வருஷத்துக்கு ஒரு தரம் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வருவான், லீவு முடிந்ததும் போய்விடுவான். முதல் பிள்ளை பெயர் வைப்பதற்குள் போயிற்று. இரண்டாவது சிரிக்கக் கற்றுக்கொண்ட பிறகு போயிற்று. இரண்டு தடவையும் தந்தி கிடைத்து அவன் ரயில் மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஊர்த் தண்ணீர் ஆகவில்லை என்று யாரோ சொல்ல, அவளைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து குடிவைத்தான். பொழுது போகாமல் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதுவே பிறகு பிழைப்பாயிற்று.

மூன்றாவது குழந்தை இந்தத் தெருவில்தான் பிறந்தது. மருத்துவச்சி குழந்தையைக் கழுவி முறத்தில் கிடத்தினாள். பெற்றவளைத் தொட விடவில்லை. எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் ஒரு படி தவிட்டோடு வாசற்படிக்கு வெளியே வந்து நின்றாள்.

"இந்த ஊட்ல புள்ள வெலைக்கு இருக்குதா?"

"இருக்குது," என்றாள் கிருஷ்ணவேணி, சுவரைப் பார்த்துக்கொண்டு. சொல்லும்போது குழந்தையைப் பார்க்கக் கூடாது.

"இன்னா வெல?"

"ஒரு படி தவுடு."

கிருஷ்ணம்மாள் தவிட்டைக் கொட்டினாள். குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இது எம் பொண்ணு. எனக்குப் பால் இல்ல. நீ வளத்துக் குடு" என்று மடியில் போட்டாள். இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனது எதுவோ, அது மூன்றாவதைத் தேடி வந்தால் வீடு தெரியாமல் திரும்ப வேண்டும்.

அப்போதெல்லாம் பல வீடுகளில் நடந்ததுதான். பேச்சுக்கு விற்று, பேச்சுக்கு வாங்கி, குழந்தை எழுந்து நடந்ததும் மறந்துவிடுவார்கள். கிருஷ்ணவேணி மறக்கவில்லை. குழந்தை பிழைத்துவிட்டதே, அதனால் மறக்கத் துணியவில்லை. ரேணுகாம்பாள் என்று பெயர் வைத்ததும் கிருஷ்ணம்மாள்தான். பேச வந்ததும் ரேணு எதிர்வீட்டாளை "அம்மா" என்றாள், பெற்றவளை "வேணிக்கா" என்றாள். யாரும் திருத்தவில்லை. அக்காவின் புருஷன் மாமாதானே? லீவில் வருகிற அர்ஜுனன் அவளுக்குப் பட்டாளத்து மாமா ஆனான்.

பிள்ளை இல்லாத கிருஷ்ணம்மாளுக்கு இது விளையாட்டாக இருக்கவில்லை. முதல் பால் ரேணுவுக்கு, மிச்சம்தான் வாடிக்கைக்கு. "கல்யாணத்துல மணையில உக்காந்து தாரை வாக்குறது நாங்க ரெண்டு பேரும்தான். அன்னிக்குத் தாம்பூலத்தோட என் தவுட்டைக் கொண்டாந்து குடுத்துட்டு உம் பொண்ண நீ கூட்டிக்கோ" என்று கிருஷ்ணவேணியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அதுதான் முறை. விற்ற பிள்ளையைக் கல்யாணத்தின்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அப்பா பெயர் என்ன என்று வாத்தியார் கேட்டார். கிருஷ்ணவேணி வாயெடுத்தாள். பக்கத்தில் நின்ற கிருஷ்ணம்மாளைப் பார்த்தாள். ஊரறிய அர்ஜுனன் மகள் என்று எழுதி வைத்தால் ஒளித்துவைத்த பிள்ளையை எடுத்துக் காட்டின மாதிரி ஆகும் என்று பட்டது.

"ஆதிகேசவன்," என்றாள்.

லீவில் வந்த அர்ஜுனனிடம் பயந்து பயந்து சொன்னாள். அவன் சிரித்தான். "அட போடி. ரெஜிமெண்டுல எம் பொண்ணுன்னு எழுதிக் குடுத்துக்கிறேன். இங்க எவன் பேர எழுதினா இன்னா? உசுரோட இருக்குதா, அது போதும்" என்றான். அப்புறம் எதிர்வீட்டைப் பார்த்து, "ஆதிகேசவண்ணே, உங்க பொண்ணு எங்க ஊட்ல அரிசிய காலி பண்ணுதுபா, கேக்க மாட்டீங்களா?" என்று கத்தினான். ஆதிகேசவனும் உள்ளேயிருந்து, "எம் பொண்ணு தின்னும். உனக்கு இன்னா?" என்று பதில் கொடுத்தான். தெருவே சிரித்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் சண்டை வந்தது. அர்ஜுனன் கிழக்கே வங்காளத்துப் பக்கம் போயிருந்தான். சண்டை முடிந்துவிட்டதென்று ரேடியோவில் சொல்லி, டீக்கடையில் மிட்டாய் கொடுத்த பிறகு தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. பெட்டி மட்டும் வந்தது. காரியத்தன்று ரேணு ஒரு மூலையில் உட்கார்ந்து, "மாமா, மாமா" என்று அழுதாள். துக்கத்துக்கு வந்த மாகறல்காரர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருஷ்ணவேணி அதைக் கவனித்தாள். அப்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

ரேணு எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க்கோடு தேறினாள். மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. சேர இடமும் வந்தது. ராட்டை சுற்றுகிற காசிலும் கிடைத்த பென்ஷனிலும் ஹாஸ்டல் வைத்துப் படிக்க வைப்பது நடக்கிற காரியமில்லை. அந்த நேரத்தில்தான் தனசேகரன் வந்தார். அர்ஜுனனோடு பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"தங்கச்சி, சண்டையில செத்தவங்க புள்ளைங்களுக்குப் படிப்புச் செலவு பூரா சர்க்கார் ஏத்துக்குது. காலேஜ் பீஸ், ஹாஸ்டல், புஸ்தகம் எல்லாம். அர்ஜுனன் குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதான். உட்டுடாத."

ரேணு அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். உள்ளே இருந்த கம்பளி வாசனை போக வேண்டுமாம்.

ரயிலேறிப் போக வேண்டிய ஊரில் இருந்தது அந்த ஆபீஸ். தனசேகரன் கூட்டிப்போனார். குமாஸ்தா மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பட்டாளத்துக் காகிதத்தைப் பார்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் பட்டாளத்துக் காகிதத்தைப் பார்த்தார்.

"இதுல அர்ஜுனன் மக. இதுல ஆதிகேசவன் மக. யாரும்மா இந்த ஆதிகேசவன்?"

"எதிர்வூட்டுக்காரருங்க."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்தார்.

"எதிர்வீட்டுக்காரர்," என்று திருப்பிச் சொன்னார் குமாஸ்தா.

"தவுட்டுக்கு வித்துட்டோங்க," என்றாள் கிருஷ்ணவேணி. தெருவில் எல்லோருக்கும் புரிகிற அந்த வார்த்தை அந்த அறையில் யாருக்கும் புரியவில்லை. அல்லது புரிந்தும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தனசேகரன் விளக்கிச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகிக்கொண்டு போனது.

"உங்க வீட்டுக்காரர் வருஷத்துக்கு எவ்வளவு நாள் ஊர்ல இருப்பாரு?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர்.

"சார்!" என்று எழுந்துவிட்டார் தனசேகரன்.

"கோவப்படாதீங்க," என்றார் குமாஸ்தா. "அப்பா யாருன்னு நாங்க சொல்ல முடியாது. அந்தம்மாதான் சொல்லணும். ஸ்டாம்பு பேப்பர்ல சொல்லணும். அந்த ஆதிகேசவனும் சொல்லணும். அப்புறம் பள்ளிக்கூடத்து ரிக்கார்டைத் திருத்தி வாங்கிட்டு வாங்க. வந்தா அன்னிக்கே எழுதுறேன்."

ரயிலில் திரும்பும்போது கிருஷ்ணவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலாஜாபாத் தாண்டியதும், "அவரு இருந்திருந்தா அந்த ஆள அறைஞ்சிருப்பாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவரு இருந்திருந்தா அங்க எதுக்குப் போறோம்" என்றாள்.

தனசேகரன் வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லி இரண்டு பத்திரம் எழுதி வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணவேணி ஆதிகேசவன் கையெழுத்துப் போட வேண்டியதை எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள். ரேணுவும் பின்னாலேயே போனாள். ஆதிகேசவனுக்கு விஷயம் தெரியும். மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கிருஷ்ணம்மாளுக்குப் படிப்பு இல்லாததால் வாய்விட்டே படித்தான்.

"மேற்படி ரேணுகாம்பாள் எனக்குப் பிறந்தவள் அல்ல என்றும்..." என்று படித்து நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்டே? படி," என்றாள் கிருஷ்ணம்மாள். தொழுவத்தில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"...எனக்கும் என் மனைவிக்கும் மேற்படி பெண்ணுக்கும் எவ்வித உறவும் பாத்தியதையும் எக்காலத்திலும் இருந்ததில்லை என்றும்..."

"எக்காலத்திலும்," என்றாள் கிருஷ்ணம்மாள்.

"அது வக்கீல் பாஷைமா," என்றாள் ரேணு அவசரமாக. "எல்லாருக்கும் அப்டிதான் எழுதுவாங்க. சும்மா பார்மாலிட்டி."

"நீ சும்மா இருடீ." கிருஷ்ணம்மாள் அவளைப் பார்க்கவில்லை. "வேணி, இவரு கையெழுத்துப் போடுவாரு. பொண்ணு படிப்ப நான் கெடுக்க மாட்டேன். ஆனா மொதல்ல என் தவுட்டைக் கொண்டா."

கிருஷ்ணவேணி பதறினாள். "அண்ணி, அது கல்யாணத்தப்போ..."

"எந்தக் கல்யாணம்? எக்காலத்திலும் உறவு இல்லாதவ எந்த மணையில போய் உக்காருவா? உறவு இல்லன்னு எழுதிக்கினு, என் தவுட்டை மட்டும் வெச்சிக்குவியா? கொண்டா. கணக்குத் தீந்துபோவட்டும்."

ஆதிகேசவன், "உடு கிருஷ்ணம்மா, காயிதம்தானே" என்றான்.

"காயிதம்தான். பத்துப் பன்னண்டு வருசமா அந்தக் காயிதத்துல உம் பேருதானே இருந்தது? நல்லாதானே இருந்தது உனக்கு?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டான்.

கிருஷ்ணவேணி பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கிருஷ்ணம்மாள் கேட்டது எது என்று அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். தவிடு ஒரு படி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தால் ரேணு அந்த நிமிஷத்திலிருந்து அர்ஜுனன் பிள்ளை. முதல் இரண்டும் அர்ஜுனன் பிள்ளைகள். அர்ஜுனனும் போய்விட்டான். அந்த வீட்டுக்கென்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். கல்யாணம் ஆகிப் போகும்போது கொடுத்தால் வேறு வீட்டுப் பெண்ணாகிவிடுவாள், பயமில்லை. இப்போது கொடுத்தால்?

"நீ தர மாட்டேன்னு தெரிஞ்சுதான் அம்மா கேக்குது," என்றாள் ரேணு. "தவுட்டுல இன்னாக்கா இருக்குது? சயின்ஸ் டீச்சர் சொன்னாங்க, வைட்டமின் பி இருக்குதாம். அவ்ளோதான். குடுத்துட்டு வா."

"வாய மூடு."

"காலேஜ்ல இந்த மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டச் சொல்லிக்கிறாங்க."

"தெரியும்."

"எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா."

"அத நீ சொல்லாத," என்று கிருஷ்ணவேணி கத்திவிட்டாள். "அந்தப் பேச்ச மட்டும் நீ சொல்லாத."

மாசக் கடைசி வந்தது, போயிற்று. தனசேகரன் இரண்டு தடவை வந்து பார்த்தார். மூன்றாம் தடவை, "இன்னா தங்கச்சி, அவன் உசுரக் குடுத்து வாங்கினத நீ ஒரு படி தவுட்டுக்கு உட்டுடுவியா?" என்று கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டதற்கு வருத்தப்பட்டு, பதிலுக்கு நிற்காமல் சைக்கிளேறிப் போய்விட்டார். மெட்ராஸ் இடம் வேறு யாருக்கோ போயிற்று. பெட்டி மறுபடியும் பரணுக்குப் போயிற்று. ரேணு அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு நாள் மத்தியானம் கிருஷ்ணவேணி தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தபோது அவள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு. படிக்கிற பொண்ணு."

"எங்க படிக்கிறேன்?" இழையைப் பார்த்தபடியே சுற்றினாள். "சும்மா இருக்கிறதுக்கு இது. ரெண்டு பேரு சுத்தினா கூடத்தானே வரும்."

நன்றாகவே சுற்றினாள். அன்றைக்கு மட்டுமில்லை, மறுநாளும் சுற்றினாள். ஐப்பசி மழையில் சுற்றினாள், தை பிறந்த பிறகும் சுற்றினாள். யாரோடும் பேச்சு குறைந்துபோயிற்று. எதிர்வீட்டுக்குப் போய் முதல் பாலைக் குடித்துவிட்டு வருவாள், வந்து உட்கார்ந்துகொள்வாள். முதுகு வளைய ஆரம்பித்தது. கிருஷ்ணவேணி பின்னாலிருந்து அந்த முதுகைப் பார்ப்பாள். உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் விற்றாள். இருக்கிறாள். இன்னும் நாற்பது வருஷம் இப்படியே இருப்பாள். யாரும் தேடி வந்து எடுத்துப் போகப்போவதில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை கிருஷ்ணவேணி ஐயம்பேட்டைக்கு நடந்தே போய், அங்கே ஒரு மில்லில் தவிடு வாங்கி வந்தாள். ஆதிகேசவன் வேலை செய்த மில்லில் வாங்கக் கூடாது என்று தோன்றியது. வெற்றிலை பாக்கு வைக்கலாமா என்று யோசித்தாள். அது கல்யாணத்துக்கு உரியது. வைக்கவில்லை.

கிருஷ்ணம்மாள் வாசலில் நின்றவளையும் பையையும் பார்த்தாள். கொண்டுவருவாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. முகம் ஒரு நிமிஷம் என்னவோ போல் ஆகி, பிறகு இறுகிப்போயிற்று. உள்ளே போய்ப் படியை எடுத்து வந்தாள். அந்தப் பழைய படியேதான். தலைதட்டி அளந்தாள். கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சியதைப் பையிலேயே திருப்பிப் போட்டாள்.

"எனக்கு ஒரு படிதான் வரணும்."

தவிட்டைப் பசுவின் தொட்டியில் கொட்டினாள். கழுநீர் ஊற்றிக் கையால் கலக்கினாள். பசு மூக்கை உள்ளே விட்டுச் சத்தம் போட்டுக் குடித்தது. கிருஷ்ணவேணி நகராமல் நின்றாள். அடித்தொட்டியில் ஒட்டியிருந்ததையும் பசு நாக்கால் வழித்து எடுக்கிற வரைக்கும் நின்றாள். அதற்குள் ஆதிகேசவன் மில்லிலிருந்து வந்து, உமி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான். "நீ சொன்னா மாஜிஸ்திரேட் கிட்டயும் வந்து சொல்றேம்மா" என்றான். ரேணு பெயரைச் சொல்லவில்லை. கிருஷ்ணவேணியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அந்த வீட்டுப் பால் நின்றது. ரேணு சொம்போடு போய் வெறும் சொம்போடு வந்தாள். "மாடு வத்திப்போச்சாம்," என்றாள். தெருக்கோடி வீடு வரைக்கும் அந்தப் பசுவின் பால் போய்க்கொண்டுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்து ரிக்கார்டு திருந்தி வர வெயில் காலம் ஆயிற்று. குமாஸ்தா சொன்னபடி அன்றைக்கே எழுதிக் கொடுத்தார், காபி வாங்கிக் கொடுத்தார். பக்கத்து மேஜையில் வேறு ஆள் இருந்தான். அந்தக் கல்லூரியிலேயே மறுபடியும் இடம் கிடைத்தது. ஒரு வருஷம் போனது போனதுதான்.

புறப்படுகிற அன்று ரேணு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். கிருஷ்ணம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, போய்ட்டு வரேன்."

கறக்கிற சத்தம் நிற்கவில்லை. "உங்கம்மா கிட்ட சொல்லிக்கினு போம்மா," என்றாள் கிருஷ்ணம்மாள், பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்தபடி.

ரேணு வெளியே வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிரங்குப் பெட்டியைத் தனசேகரன் சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்தார்.

கல்லூரி ஆபீஸில் ஒரு அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டாள். அப்பா பெயர் கேட்டாள். ரேணு, "ஆதி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அர்ஜுனன்," என்றாள் ரேணு. "சண்டையில இறந்துட்டாரு."

பக்கத்தில் நின்ற கிருஷ்ணவேணி சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை ஹாஸ்டல் வாசல் வரைக்கும் விடவில்லை. காக்கிச் சட்டைக்காரன் இதற்கு மேல் போகக் கூடாது என்றான். "காய்ச்சல் கீய்ச்சல் வந்தா உடனே தந்தி குடு," என்று ஆரம்பித்தவள், "தந்தி வேணாம். கார்டு போடு" என்று மாற்றிச் சொன்னாள்.

"சரி வேணிக்கா," என்றாள் ரேணு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கிருஷ்ணவேணி ஊர் வந்து சேர்ந்தபோது தெருவில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் கிருஷ்ணம்மாள் நின்றிருந்தாள். சாணி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வறட்டி தட்டாமல் நின்றிருந்தாள். கிருஷ்ணவேணி பூட்டைத் திறக்கத் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சேத்துட்டியா?"

"சேத்துட்டேன் அண்ணி."

"அங்க தண்ணி எப்டி இருக்குது?"

"கொழாத் தண்ணிதான்."

"காய்ச்சிக் குடிக்கச் சொன்னியா? அதுக்குப் பச்சத்தண்ணி ஆவாது."

கிருஷ்ணவேணி ரேணுவிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. தந்தியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் அது மறந்துபோயிற்று. தலையைக் குனிந்து பூட்டில் சாவியை விட்டாள். கிருஷ்ணம்மாள் கையிலிருந்த சாணியைச் சுவரில் தட்டினாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையும் பால் வரவில்லை.